பேகல்: எந்த அளவு, எந்த மாவு, நடுவில் என்ன?

அமெரிக்காவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களுக்குப் பேகல் என்ற ஓட்டை வைத்த வளைய ரொட்டி பெரும்பாலும் ஆபீஸில்தான் அறிமுகமாகிறது. வெள்ளிக்கிழமை காலையில் யாராவது ஒரு டஜன் வாங்கிவந்து பேன்ட்ரியில் வைத்திருப்பார்கள். டஜன் என்று கேட்டால் பல கடைகளில் பதின்மூன்று போட்டுத் தருவார்கள். பக்கத்தில் கிரீம் சீஸ் டப்பா இரண்டு, ஒரு பிளாஸ்டிக் கத்தி. எண்ணெயில் பொரித்ததில்லை, மேலே சர்க்கரைப் பாகு இல்லை. டோனட்டுக்கு இது எவ்வளவோ தேவலை என்று ஒன்றை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விடுகிறோம். தேவலைதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு தேவலை என்று சொல்ல ஒரு தராசு வேண்டும்.

கடையில் வாங்கிய பேகலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கத்துப் பேகல் கடைகளில் 115 கிராமுக்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். 140, 150 என்று போவதும் உண்டு. சாதாரண வெள்ளை பிரெட் ஒரு துண்டு 28 கிராம் இருக்கும். 100 கிராம் பேகலில் ஏறத்தாழ 265 கலோரி, 52 கிராம் மாவுச்சத்து, 10 கிராம் புரதம், ஒன்றரை கிராம் கொழுப்பு, இரண்டு கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து. அதே 100 கிராம் வெள்ளை பிரெட்டை எடுத்தாலும் கலோரிக் கணக்கு அதை ஒட்டியே வரும். ஆக, பேகலில் தனியாக எந்தக் கெடுதலும் ஒளிந்திருக்கவில்லை. 130 கிராம் பேகல் என்பது நாலரைத் துண்டு பிரெட், அவ்வளவுதான். காபிக்குத் தொட்டுக்கொள்ள நாலரைத் துண்டு பிரெட்டை யாரும் அடுக்கிவைத்துச் சாப்பிடுவதில்லை. பேகலை மட்டும் 'ஒண்ணுதானே' என்று எண்ணுகிறோம்.

இவ்வளவு கனம் ஏன் என்றால், அதைச் செய்யும் விதம் அப்படி. புரதம் அதிகமுள்ள மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வளையமாக உருட்டி, குளிரில் ஓர் இரவு புளிக்கவைத்து, மால்ட் கலந்த கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, அப்புறம்தான் அடுப்பில் வைப்பார்கள். வெந்நீர் பட்டதும் மேல்பரப்பு மாவு வெந்து ஒரு தோலாக இறுகிவிடும். அந்தத் தோல் உள்ளே இருப்பதை அதிகம் உப்ப விடாது. பிரெட் காற்றை அடைத்துக்கொண்டு பெரிதாகத் தெரியும். பேகல் அதே மாவைச் சின்ன இடத்தில் திணித்துவைத்திருக்கும். சூப்பர் மார்க்கெட் பையில் வரும் பல பேகல்களை வேகவைப்பதே இல்லை, அடுப்பிலேயே நீராவி பாய்ச்சிவிடுகிறார்கள். அதனால்தான் அவை மெத்தென்று, ஓட்டை போட்ட பன்னைப் போல இருக்கின்றன.

அளவு

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். வகை, மேலே தூவுவது எல்லாம் பிறகு.

போலந்து யூதர்களிடமிருந்து வந்த உணவு இது. கிராக்கோவ் நகர யூதச் சமூகத்தின் 1610-ஆம் ஆண்டு விதிகளில் பேகலின் பெயர் இருக்கிறது. அங்கிருந்து குடியேறியவர்களோடு நியூயார்க் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பாதி தாண்டும்வரை நியூயார்க்கில் அதைக் கையால் உருட்டிச் சுட்டவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கமே இருந்தது, லோக்கல் 338 என்று. அந்தக் காலத்துப் பேகல் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. 1960-களில் டேனியல் தாம்சன் உருவாக்கிய பேகல் இயந்திரம் வந்தது. கனெக்டிகட்டின் லெண்டர்ஸ் நிறுவனம் உறைபேகலை நாடு முழுக்கக் கொண்டுபோனது. யூதர்களின் ரொட்டி எல்லாருடைய ரொட்டியாகி, பிறகு சாண்ட்விச் ரொட்டியும் ஆனது. சாண்ட்விச் என்றால் உள்ளே நிறைய வைக்க இடம் வேண்டுமே, பேகல் பெருத்தது. அமெரிக்காவின் தேசிய இதயம், நுரையீரல், ரத்த நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஒப்பீடு வெளியிட்டது: இருபது ஆண்டுக்கு முந்தைய பேகல் 3 அங்குல விட்டம், 140 கலோரி, இன்றையது 6 அங்குலம், 350 கலோரி. கூடுதலாக வந்த 210 கலோரியைக் கரைக்க ஐம்பது நிமிடம் தோட்டத்து இலைகளை வார வேண்டும் என்றும் அதிலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். அக்டோபரில் நியூ ஜெர்சியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மற்ற மாதங்களில்தான் சிக்கல்.

இப்போது கடையில் உள்ள தேர்வுகளைப் பார்க்கலாம். மினி பேகல் சுமார் 26 கிராம், 70 கலோரி. குழந்தைகளுக்கு இதுதான் சரியான அளவு. 'பேகல் தின்' என்று தட்டையாக வருவது 46 கிராம், 110 கலோரி. கணக்குப் பார்த்தால் அதுதான் முதலிடம், வாயில் வைத்தால் கடைசி இடம். அதைச் சாப்பிடுவதற்கு நல்ல முழுக்கோதுமை பிரெட்டே வாங்கலாம் என்பது என் எண்ணம். சூப்பர் மார்க்கெட் பையில் ஆறாகவோ ஐந்தாகவோ வருவது ஒன்று 85 முதல் 95 கிராம், 250 முதல் 270 கலோரி. கடையில் சுட்டது 300-க்குமேல் 400 வரை.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மான்ட்ரியல் பேகல் மெலிந்தது, நடு ஓட்டை பெரியது, தேன் கலந்த நீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடுவது. 1919-இல் தொடங்கிய ஃபேர்மவுன்ட், 1957-இல் தொடங்கிய சென்ட் வியாட்டர் இரண்டும் இன்னும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் போட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன. நியூயார்க் பேகலோடு ஒப்பிட்டால் அளவும் சிறிது, உப்பும் குறைவு. இனிப்பு சற்றுத் தூக்கல், மாவில் முட்டையும் சேர்கிறது. எள் தூவிய மான்ட்ரியல் பேகல் ஒன்றைச் சூடாக, எதுவும் தடவாமல் அப்படியே தின்னலாம். நியூயார்க் பேகலை வெறுமனே தின்பவர்கள் குறைவு. உடலுக்கு எது நல்லது என்று கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே மான்ட்ரியலுக்கு என் ஓட்டு. தடவ வேண்டிய அவசியம் இல்லாத ரொட்டி எப்போதும் லாபம்.

மாவு

'மைதா வேண்டாம், ஹோல் வீட் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பு நம்மிடம் பலமாக இருக்கிறது. முழுக்கோதுமைப் பேகலில் கலோரி அநேகமாக அதேதான். கூடுவது நார்ச்சத்து: 100 கிராமுக்கு 2 கிராம் என்றிருந்தது 4 கிராம் ஆகும், நல்ல தயாரிப்பு என்றால் அதற்கும் மேல். ஒரு நாளைக்கு 28 கிராம் நார் வேண்டும் என்ற அமெரிக்க லேபிள் கணக்கில் இது சிறு வரவு. ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலை அதைவிட அதிகம் தரும்.

ரத்த சர்க்கரை விஷயத்தில் இன்னும் ஏமாற்றம். ஓர் உணவு ரத்த சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டுவது கிளைசெமிக் குறியீடு. வெள்ளைப் பேகலுக்கு அது 72. வெள்ளை பிரெட் 75, முழுக்கோதுமை பிரெட் 74. நைஸாக அரைத்த மாவு என்றால் தவிடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடல் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் அதைச் சர்க்கரையாக்குகிறது. முழுத்தானியம் நீண்டகாலப் போக்கில் இதயத்துக்கும் குடலுக்கும் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'ஹோல் வீட்தானே' என்று சர்க்கரை நோயாளி ஒரு முழுப் பேகலைத் தின்ன அது அனுமதிச் சீட்டு ஆகாது.

அதோடு, கடையில் பழுப்பாக இருப்பதெல்லாம் முழுக்கோதுமையும் அல்ல. பம்பர்நிக்கல் பேகலின் கருநிறம் பல இடங்களில் மொலாஸஸ் என்ற கரும்புப் பாகாலோ கேரமல் நிறத்தாலோ வருகிறது. பையில் வாங்கினால் பொருள் பட்டியலில் முதல் பெயர் முழுக்கோதுமை மாவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'செறிவூட்டிய கோதுமை மாவு' என்று தொடங்கினால் அது மைதாவேதான். அதற்காக அந்த மைதாவை ஒரேயடியாகத் திட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் அதில் இரும்பும் பி வைட்டமின்களும் சேர்க்கிறார்கள், 1998 முதல் ஃபோலிக் அமிலமும் கட்டாயம். வெள்ளைப் பேகல் சத்தே இல்லாத பண்டம் என்று சொல்வது பொய்.

மற்ற வகைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சினமன் ரெய்சின், புளூபெர்ரி இரண்டும் சர்க்கரை கூடியவை, காலையில் எழுந்ததும் அவை வேண்டாம். ஓட் பிரான் (ஓட்ஸ் தவிடு) பெயரில்தான் பெரிய ஆள், நார் முழுக்கோதுமையை எட்டாது. சீஸ் போட்டுச் சுட்டது கொழுப்பும் உப்பும் சேர்ந்தது. சால்ட் பேகலில் கல்லுப்பு வெளியே தெரியும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம். எவ்ரிதிங் பேகலில் எள், கசகசா, காய்ந்த பூண்டு, காய்ந்த வெங்காயம், உப்பு எல்லாம் இருக்கும். நம் நாக்குக்குப் பிடித்தது அதுதான், கெடுதல் என்று சொல்ல உப்பைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

கசகசா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விதையில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சுவடு சிறுநீர்ப் பரிசோதனையில் காட்டக்கூடும். 2023-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் வீரர்களைக் கசகசாவே சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தது. புது வேலைக்குப் போதைமருந்துச் சோதனை கொடுக்கப்போகிறவர்கள் அந்த வாரம் எள் பேகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ விமானம் ஏறும்போது எவ்ரிதிங் மசாலாப் பாட்டிலைப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே கசகசாவுக்கே தடை.

நடுவில் வைப்பது

கலோரி ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான், சண்டையும் இங்கேதான். கவுன்ட்டரில் நிற்பவர் கிரீம் சீஸ் தடவுவதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அகலக் கத்தியால் தொட்டியிலிருந்து ஒரு கட்டியை அள்ளி, கீழ்ப்பாதியில் வைத்து, ஓரம்வரை இழுத்து, நடு ஓட்டையையும் சேர்த்து மூடிவிடுவார். மேல்பாதியை வைத்து அழுத்தும்போது பக்கத்தில் பிதுங்கி வரும். அதை மெழுகுத்தாளில் சுற்றி, தாளோடு சேர்த்து நடுவில் ஒரு வெட்டு. பிதுங்கவில்லை என்றால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்பது அவர்கள் தொழில் ரகசியம்.

டப்பாவின் லேபிளில் ஒரு பரிமாறல் என்பது 28 கிராம், 100 கலோரி என்று போட்டிருக்கும். கடையில் தடவுவது அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. 70 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 245 கலோரி, 24 கிராம் கொழுப்பு, அதில் 14 கிராம் நிறைகொழுப்பு. 2000 கலோரி உணவில் நிறைகொழுப்பு நாளொன்றுக்கு 22 கிராமைத் தாண்டக் கூடாது; காலை ஒன்பது மணிக்கே பாதிக்கு மேல் தீர்ந்துபோகிறது. சீஸ் என்ற பெயர் இருப்பதால் புரதம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால், 70 கிராமில் கிடைப்பது 4 கிராம். கால்சியமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வெண்ணெய் என்று நினைத்துக்கொண்டால்தான் கிரீம் சீஸைச் சரியாகப் புரிந்துகொண்டதாக அர்த்தம். 130 கிராம் பேகலோடு சேர்த்தால் 590 கலோரி ஆகிறது, வயிறோ பதினொன்றரைக்கே மறுபடி கேட்கிறது.

இரண்டு முட்டையை வைத்துப் பாருங்கள். முட்டைகளால் கூடுவது 145 கலோரி, புரதம் 12 கிராமுக்கு மேல், நிறைகொழுப்பு 3 கிராம் அளவில். மொத்தம் 490 கலோரியும் 26 கிராம் புரதமும். கிரீம் சீஸ் பேகலைவிட நூறு கலோரி குறைவு, பசி தாங்குவதோ மதியம் ஒன்றரைவரை. பேகலின் புரதத்துக்கு ஒரு குறை உண்டு, கோதுமையில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. லேபிளில் 13 கிராம் என்று இருந்தாலும் உடல் அத்தனையையும் முட்டைப் புரதம்போலப் பயன்படுத்திக்கொள்ளாது. முட்டையோ பாலோ பருப்போ பக்கத்தில் இருந்தால் அந்தக் குறை நிரம்பிவிடும். நியூயார்க்கின் புகழ்பெற்ற காலை உணவான பேக்கன் எக் அண்ட் சீஸில் பேக்கனையும் (உப்பிட்ட பன்றியிறைச்சி) சீஸையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல சாப்பாடு. எடுத்துவிட்டால் பிறகு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நியூயார்க்காரர்களோடு வாதம் செய்ய நான் தயாரில்லை.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு அடுத்த இடம் வேர்க்கடலை வெண்ணெய். இரண்டு மேசைக்கரண்டி 190 கலோரி, 7 கிராம் புரதம், 2 கிராம் நார். கலோரி கிரீம் சீஸுக்குக் கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் நிறைகொழுப்பு 3 கிராம்தான். மிச்சமெல்லாம் நல்ல ரகக் கொழுப்பு. லைசின் கணக்கில் கொண்டைக்கடலை ஹம்மஸ் இதைவிட மேல், புரத அளவில் கீழ். தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள், இரண்டு கரண்டிக்கு எழுபது கலோரியைத் தாண்டாது. அவகாடோ நார்ச்சத்துக்கு நல்லது, பாதிப் பழத்திலேயே 6 கிராம் கிடைக்கும்; புரதம் பெயருக்குத்தான். ஜாம் வேண்டாம். மாவின் மேல் சர்க்கரை, வேறு ஒன்றுமில்லை.

லாக்ஸ், அதாவது உப்பிட்ட சால்மன், பேகலின் பழைய ஜோடி. புகையூட்டிய சால்மன் 57 கிராமுக்கு 65 கலோரி, 10 கிராம் புரதம், கூடவே ஒமேகா 3. இந்தக் கட்டுரையிலேயே சத்தில் மேலான துணை அதுதான் என்று எழுதியிருப்பேன், உப்பு மட்டும் இல்லாவிட்டால். புகையூட்டியதில் அந்த 57 கிராமுக்கு 400 மில்லிகிராம் அளவில் சோடியம் என்றால், பழைய முறையில் உப்புநீரில் ஊறிய அசல் லாக்ஸில் ஆயிரத்தைத் தாண்டும். பேகலில் ஏற்கெனவே 600. மேலே உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகள். நாளைக்கு 2300 மில்லிகிராம் என்பது அமெரிக்க வரம்பு, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2000. அமாவாசைக்கு ஒருமுறை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது (அமாவாசையில் மீன் சாப்பிடுகிறவராக இருந்தால்).

கலோரியைக் குறைக்கக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி 'ஸ்கூப்டு'. உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு வெறும் தோலை மட்டும் தருவார்கள். மாவு குறைவது உண்மை. தோண்டிய பள்ளம் முழுக்கக் கிரீம் சீஸ் நிரப்பப்படுவதும் உண்மை. முட்டையோ சால்மனோ வைப்பதானால் அது அர்த்தமுள்ள ஏற்பாடு, கிரீம் சீஸுக்கு அல்ல. அதைவிட எளிய வழி இருக்கிறது. பேகலை வெட்டாமல் முழுசாகக் கேளுங்கள், கிரீம் சீஸ் வேண்டுமானால் தனி டப்பாவில். எவ்வளவு தடவுவது என்பது உங்கள் கையில் இருக்கும். நியூயார்க் மாநிலத்தில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு: வெட்டாத பேகலை எடுத்துக்கொண்டு போனால் விற்பனை வரி கிடையாது, கத்தி பட்டால் வரி.

அதே கவுன்ட்டரில் வேறு என்ன?

பேகலை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஹீரோவாகவும் வில்லனாகவும் மாறும். நயாகரா போகிற வழியில் தங்கும் ஓட்டலின் இலவசக் காலை உணவை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் பேகல், மஃபின், க்ராஸான்ட், வாஃபிள் மாவு. ஓரத்தில் அவித்த முட்டையும் ஓட்ஸும்.

மஃபின் என்பது கப் கேக்கின் இன்னொரு பெயர். காபிக் கடையில் கிடைக்கும் பெரிய மஃபின் 400 கலோரியைத் தாண்டும், சர்க்கரை 30 கிராமை. பேகல் அதைச் சுலபமாக ஜெயிக்கிறது. க்ராஸான்ட் 57 கிராமுக்கு 230 கலோரி, 12 கிராம் கொழுப்பு. அதில் பாதிக்கு மேல் நிறைகொழுப்பு. எடைக்கு எடை பார்த்தால் பேகல் மேல், ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் க்ராஸான்ட் கலோரி குறைவு. இங்கே தீர்ப்பு நீங்கள் என்ன தடவப்போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. க்ராஸான்ட்டில் வெண்ணெய் உள்ளேயே இருக்கிறது, மேலே தடவ மாட்டீர்கள். கிரீம் சீஸ் இல்லாமல் பேகல் இறங்காது என்பவர் பேசாமல் க்ராஸான்ட்டை எடுத்துக்கொள்ளட்டும், மொத்தத்தில் அவருக்கு அதுதான் குறைவு. டோனட்டும் ஒன்றுக்கு ஒன்று கலோரியில் பேகலுக்குக் கீழ்தான், 250 அளவில். ஆனால் அதில் சர்க்கரையும் எண்ணெயும்தான் இருக்கின்றன, புரதம் ஒப்புக்கு. ஒரு மணி நேரத்தில் அடுத்த டோனட் கேட்கும்.

இங்கிலிஷ் மஃபின் என்று ஒரு தட்டை ரொட்டி உண்டு, பெயரைப் பார்த்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 57 கிராம், 130 கலோரி. முட்டை வைத்துச் சாப்பிட இதைவிடப் பொருத்தமான அளவு அந்தக் கவுன்ட்டரில் இல்லை. ஓட்ஸ் 40 கிராமைக் காய்ச்சினால் 150 கலோரி, 4 கிராம் நார், உப்பு கிட்டத்தட்ட இல்லை. சத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் ஓட்ஸுக்கும் அவித்த முட்டைக்கும்தான் முதலிடம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இட்லியோடு ஒப்பிடச் சொல்வீர்கள். அளவைப் பொறுத்து இட்லி ஒன்று 40 முதல் 60 கலோரி. நாலு இட்லியும் சாம்பாரும் கடைப் பேகலைவிடக் குறைவு, பருப்பும் காயும் கூடுதல். எண்ணெயில் மிளகாய்ப் பொடியைக் குழைத்துக்கொண்டே போனால் அந்தக் கணக்கும் மாறும். காலையில் இட்லி ஊற்ற நேரம் உள்ளவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

யாருக்கு எது?

சர்க்கரை நோய் அல்லது அதன் எல்லையில் இருப்பவர்கள் நம்மில் அதிகம். ஆசிய வம்சாவளியினருக்கு உடல் எடைக் குறியீடு 23 ஆனாலே பரிசோதனை தொடங்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-இல் சொன்னது. மற்றவர்களுக்கு அது 25. அந்தச் சங்கம் பயன்படுத்தும் மாவுச்சத்துக் கணக்கில் 15 கிராம் ஒரு பங்கு, பெரிய பேகலில் கால்வாசிதான் ஒரு பங்கு. முழுதும் தின்றால் நாலுக்கு மேல். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) போய்க்கொண்டிருக்கிறது என்றால், அவர் தட்டில் பாதிப் பேகலும் இரண்டு முட்டையும் வெள்ளரியோ தக்காளியோ இருக்கட்டும். மூடி போட்ட சாண்ட்விச்சாக வேண்டாம், திறந்தபடி இருக்கட்டும். புரத உணவையும் காயையும் முதலில் சாப்பிட்டு ரொட்டியைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் ஒரு சிறிய ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சாண்ட்விச்சில் அந்த வரிசைக்கு வழியே இல்லை.

நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு நேர் எதிர். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வெள்ளைப் பேகல் ஒன்று, கொஞ்சம் தேன் அல்லது வாழைப்பழம். அங்கே நார் குறைவதும் கொழுப்பு குறைவதும் நல்லதுதான். வயிற்றைக் கலக்காமல் மாவுச்சத்து சீக்கிரம் ரத்தத்துக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்குப் பாதகமாகச் சொன்ன அத்தனையும் இவர்களுக்குச் சாதகம். ஆனால் ஓடப்போகிறவர் என்றால் உண்மையிலேயே ஓட வேண்டும்.

சைவம் பார்ப்பவர்களுக்கு நியூயார்க் பாணிச் சாதாரணப் பேகலில் பெரும்பாலும் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. மஞ்சளாக இருக்கும் எக் பேகலையும் மான்ட்ரியல் வகையையும் தவிர்த்தால் போதும். தொழிற்சாலைப் பேகல் என்றால் பொருள் பட்டியலில் எல்-சிஸ்டீன் இருக்கிறதா என்று பாருங்கள். மாவை இளக்கச் சேர்ப்பது, சில சமயம் கோழி, வாத்து இறகிலிருந்து எடுப்பார்கள். முட்டை சாப்பிட்டு இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வேறொரு தொல்லை: முட்டை வேகும் அதே தட்டில்தான் பேக்கனும் பொரிகிறது. கோஷர் சான்று பெற்ற, பால் பொருள் விற்கும் பேகல் கடையாகப் பார்த்துப் போனால் இந்தக் கவலை தீரும். யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் சேரக் கூடாது. மீன் இருக்கும், இறைச்சி உள்ளேயே வராது. இதே காரணத்துக்காக முஸ்லிம் நண்பர்கள் பலரும் அந்தக் கடைகளைத்தான் தேடிப் போகிறார்கள்.

என் தேர்வைக் கேட்டால், வார நாளில் பாதி, ஞாயிற்றுக்கிழமை முழுசு. வார நாள் பாதி என்றால் எள் பேகல், ஒரு முட்டை, தக்காளி, மேலே மிளகுத் தூள். ஞாயிறு முழுசு என்றால் எவ்ரிதிங், இரண்டு முட்டை, கிரீம் சீஸ் ஒரே ஒரு கரண்டி, பதினொரு மணிக்கு. அன்றைக்கு மதியச் சோறு கிடையாது. காலைப் பலகாரமாகவும் கொண்டு, ஒரு மணிக்குச் சோற்றுக்கும் உட்கார்ந்தால் எந்த மாவும் எந்தத் துணையும் காப்பாற்றாது.

மீதிப் பாதியை என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு. பேகல் மறுநாளே கல்லாகிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் குறுக்கே இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள். காலையில் ஒரு பாதியை எடுத்து உறைந்தபடியே டோஸ்டரில் போட்டால் நாலைந்து நிமிடத்தில் தயார். பிளக்காமல் முழுசாக உறையவைத்தால் காலை அவசரத்தில் அதை வெட்டவும் முடியாது, பாதியோடு நிறுத்தவும் முடியாது.